சாரலுக்கு மூடாத வண்டி

குற்றாலத்தை விட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். ஐந்தருவிப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் ஜெனரேட்டர் பார்க்கிற வேலை, சீசனோடு முடிந்துபோனது. "அடுத்த சீசனுக்கு வந்துருங்க" என்று மேனேஜர் கைகொடுத்து அனுப்பினார். அப்படிக் கைகொடுத்தவர்கள் என் வாழ்க்கையில் நிறையப் பேர் என்பதால் பெரிய வருத்தமில்லை. தோளில் ஒரு பை. பைக்குள் டெஸ்ட் லேம்ப், கட்டிங் பிளேயர், இரண்டு சட்டை. பஸ்ஸில் ஏறியிருக்கலாம். ஆனால் வேலை போன நாளில் நடப்பது எனக்குப் பழக்கம். நடந்து வந்தால் நாமே விட்டு வந்த மாதிரி ஒரு நினைப்பு. பஸ்ஸில் வந்தால் யாரோ ஏற்றி அனுப்பிய மாதிரி இருக்கும்.

மேலகரத்துக்குச் சற்று முன்னால் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்பக்கம், செம்பு எடுப்பதற்காக வயர்களைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு அது மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போகிற நாற்றம். எனக்கு அதில் பல வகை தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டுகிறவரோடு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். எழுத்துக் கூட்டிப் படித்ததைவிட மோந்து படித்தது அதிகம். வீட்டு வயர் எரிந்தால் ஒரு தித்திப்பு வாடை வரும். மோட்டார் காயில் எரிந்தால் வார்னிஷ் மணக்கும். காரின் மூளைப் பெட்டி கருகினால் மட்டும் அதிகம் மணக்காது. அணைத்த தீக்குச்சி மாதிரி லேசாக வந்து போய்விடும். அந்தக் கடைசி வாடையை நான் ஒரே ஒரு தடவைதான் மோந்திருக்கிறேன். இதே மேலகரத்தில், ஓடாத ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்.

அப்போது நான் ராஜபாளையத்தில் மில் வேலையை விட்டுத் தென்காசிக்கு வந்து, ஆட்டோக்களுக்கு வயரிங் பார்த்துக்கொண்டிருந்தேன். படுக்கை பஸ் ஸ்டாண்டில். என்ஜின் மெக்கானிக் தேவசகாயம் அண்ணாச்சிதான் ஒருநாள் வந்து, "ஏலே ஒயரு, ஒரு கூத்து இருக்கு, வாரியா?" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்றிலிருந்து என் படுக்கை அந்தக் கொட்டகையில்; அங்கேயும் என் பெயர் ஒயருதான்.

கொட்டகைக்குள் தார்ப்பாயை விலக்கினால் ஒரு கார். இரண்டே சீட்டு. கூரை கிடையாது. சிகப்பு பெயின்ட் வெளிறி, காய்ந்த மிளகாய் நிறத்துக்கு வந்திருந்தது. மூக்கு நீண்டு, முதுகு குட்டையாக, நிற்கும்போதே ஓடுகிற மாதிரி இருந்தது. வெள்ளைக்காரன் செய்த வண்டி. குற்றாலத்தில் யாரோ ஒரு டாக்டரின் பங்களாவில் பல வருஷம் கிடந்தது. என்ஜின் துருவேறி இறுகிவிட்டது. துணி சுற்றிய பழைய வயர்களை எலிகள் தின்று தீர்த்திருந்தன. அதை வாங்கி வந்தவர் கடையநல்லூர் சம்சு பாய். சவுதியில் லாரி ஓட்டுகிறவர், லீவில் வந்திருந்தார். சின்ன வயதில் அதே பங்களாவுக்குப் பால் ஊற்றப் போனபோது அந்தக் காரைத் தொட்டுப் பார்த்து அடிவாங்கியவராம். அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஆசைக்கு மட்டும் வாங்கவில்லை. குற்றாலத்துக்குச் சீசனில் புதுமாப்பிள்ளை, புதுப்பெண் கூட்டம் வரும். கல்யாண போட்டோக்காரர்களும் வருவார்கள். வண்டி ஓடினால் அதை வாடகைக்கு விட்டு ஊரோடு இருந்துவிடலாம் என்பது அவர் எண்ணம். லீவு முடிவதற்குள் வண்டி ஓடினால் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடுவதாகத் தன் மனைவி நூர்ஜகானிடம் சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் போக வேண்டியதுதான். மகள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருந்த நாட்களையெல்லாம் கூட்டினாலும், ஒரு பிள்ளை பிறந்து நடை பழகுகிற காலம்கூடத் தேறாது.

நூர்ஜகானை நான் அண்ணி முறை வைத்து மைனி என்றுதான் கூப்பிட்டேன். கடையநல்லூரில் வீட்டிலிருந்தபடியே தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை அவருக்கு. மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். சும்மா உட்காரத் தெரியாத பெண். நாங்கள் சாப்பிடும் நேரத்தில் கொட்டகையைக் கூட்டிவிடுவார், நட்டுகளையெல்லாம் அளவு வாரியாக டப்பாவில் பிரித்துப் போட்டுவிடுவார்.

பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு, விபத்தில் நொறுங்கிய ஒரு சின்ன வேனின் பெட்ரோல் என்ஜினை கியர்பாக்ஸோடு உள்ளே இறக்குவதென்று முடிவாகியிருந்தது. பழைய இரும்புக் கடையிலிருந்து அதை வாங்கி வந்த அன்று தேவசகாயம் அண்ணாச்சி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பாய், வெளிய பாத்தா புலி, உள்ள பாத்தா ஸ்கூல் வேனு. பொண்ணு மாப்பிள ஏறுனா வண்டி தானா போயி பள்ளிக்கூட வாசல்ல நிக்கும், பாத்துக்கிடுங்க."

"நிக்கட்டும் அண்ணாச்சி. அப்பிடியே பிள்ளைக்கு ஒரு சீட்டு சொல்லி வச்சிட்டு வரட்டும்" என்றார் சம்சு பாய்.

மைனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பினார்.

என் வேலைக்கு வருகிறேன். இந்தக் காலத்து என்ஜினுக்கு இசிஎம் என்று ஓர் அலுமினியப் பெட்டி உண்டு. மூளை மாதிரி. பெட்ரோல் எவ்வளவு விட வேண்டும், நெருப்பு எப்போது தட்ட வேண்டும் என்பதெல்லாம் அது சொன்னால்தான் நடக்கும். அதற்கும் என்ஜினுக்கும் நடுவே கத்தையாக வயர் ஓடும். இரும்புக் கடைக்காரர்கள் அந்தக் கத்தையை நடுவில் அரிவாளால் போட்டு வெட்டியிருந்தார்கள். ஆக, பெட்டிப் பக்கம் சாண் வயர், என்ஜின் பக்கம் சாண் வயர். நடுவே முழுக்கப் புதிதாக ஓட்டியாக வேண்டும். கடையில் ஒரே வயரைப் பல நிறத்தில் வாங்கித்தான் இதைச் செய்வார்கள். அப்போதுதான் எது எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் சம்சு பாய் சவுதியிலிருந்து பெட்டிக்குள் வைத்து ஒரு பெரிய சுருள் வயர் கொண்டுவந்திருந்தார். துணிமணி, சென்ட், சாக்லேட் கொண்டுவருகிற இடத்தில் வயர். மொத்தமும் கறுப்பு.

"அங்கன கப்பலுக்குப் போடுத வயருலே இது. கடத்தண்ணியில கெடந்தாலும் ஒண்ணுஞ் செய்யாது."

"எல்லாம் ஒரே நெறமா இருக்கே பாய். பெறகு எப்பிடி அடையாளம் பிடிக்க?"

"கரண்டு என்ன நெறம் பாத்தா ஓடுது?"

நட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்த மைனி தலை நிமிராமலே சொன்னார்: "நெறம் பாக்காம தறியில பாவு ஓட்டுனா லுங்கி வெளங்கிரும்."

மறுநாள் ஒரு பை நிறையக் கழிவு நூலோடு வந்தார். தறிக்காரர்கள் ஒதுக்கிப் போட்டது. பச்சை, மஞ்சள், ஊதா, ரோஸ், வெள்ளை, சிகப்பு. ஒவ்வொரு வயரையும் நான் அளந்து வெட்ட வெட்ட, இரண்டு முனையிலும் ஒரே நிற நூலால் அவர் முடிச்சுப் போட்டார். நூல் அறுந்தால் தறிக்காரர்கள் போடுகிற இறுக்கமான சின்ன முடிச்சு. எதற்கு என்ன நிறம் என்பதையும் அவரே தீர்மானித்தார். பேட்டரியிலிருந்து நேரே வருகிற லைனுக்குச் சிகப்பு. சாவியைத் திருப்பினால் மட்டும் பேட்டரிக் கரண்டு வருகிற சாவி லைனுக்கு ரோஸ். சென்சார் என்றால் என்னவென்று கேட்டார். சூடு எவ்வளவு, காற்று எவ்வளவு என்று பார்த்துப் பெட்டிக்குச் சொல்லும் என்றேன்.

"சும்மா பாத்துப் பாத்துச் சேதி சொல்லுதது மட்டுந்தானா? அப்ப அதுக்கு வெள்ளை போதும்" என்றார்.

வேலை ஓடியது. மைனி தினமும் வந்தார். மேலே மூடாக்கு இல்லாத காருக்குள் கறுப்பு வயரெல்லாம் நிறம் நிறமாக முடிச்சுப் போட்டுப் படுத்துக்கிடப்பதைப் பார்த்தால், இது மெக்கானிக் கொட்டகையா, தறிக் குழியா என்று சந்தேகம் வரும். அண்ணாச்சி என்ஜினை இறக்குவதற்கு வண்டியை வெளியே வேப்பமரத்தடிக்குத் தள்ளச் சொன்னார். கிளையில் செயின் கட்டி, மதியத்துக்குள் என்ஜின் உட்கார்ந்தது. உட்கார்ந்தபோது சம்சு பாய் பானெட்டைத் தடவிக்கொண்டே நின்றார்.

அந்த நேரத்தில்தான் காற்று திரும்பியது. செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிற காற்று. கூடவே அந்த வருஷத்து முதல் சாரல்.

தென்காசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மழை வந்திருந்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். சாரலுக்கு இந்தப் பக்கம் யாரும் எதையும் மூடுவதில்லை. கொடியில் காய்கிற துணியைக்கூட எடுக்க மாட்டார்கள். சாரலில் நனைவது நனைந்த கணக்கில் சேராது. வெயிலும் அடிக்கும், பஞ்சு மாதிரி தண்ணீரும் பறக்கும், ஐந்து நிமிஷத்தில் அடுத்த தெருவுக்குப் போய்விடும், திரும்ப வரும். நாங்கள் நான்கு பேரும் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றோம். ரோட்டில் போன ஒருவர், "ஐந்தருவில தண்ணி விழுதாம்" என்று சொல்லிக்கொண்டே போனார். அவ்வளவுதான். வண்டியை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டோம்.

குளித்துவிட்டு, ஈரத்தலையோடு சூடாகப் பஜ்ஜி தின்றோம். சம்சு பாய் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். "சீசன் ஆரம்பிச்சிட்டு. இனி நம்ம வண்டிதான்" என்றார். மைனி பெண்கள் பக்கம் குளித்துவிட்டு வந்து, "டிக்கெட்ட எப்பம் கேன்சல் பண்ணப் போறிய?" என்று கேட்டார். "ஓடட்டும். ஓடுன அன்னிக்கே பண்ணிருதேன்." அவ்வளவு பளிச்சென்று மைனி சிரித்ததை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது சாரல் நின்று மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். சிகப்பு நூல் சாயம் விட்டு, பக்கத்தில் கிடந்ததையெல்லாம் நனைத்திருந்தது. ஊதா பச்சையோடு கலந்து சேற்று நிறமாகக் கிடந்தது. மஞ்சள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

மைனி ஒரு முடிச்சை விரலில் வைத்துப் பிழிந்து பார்த்தார். விரல் சிவந்தது. "சாயம் நிக்கலன்னுதான் இத ஒதுக்கிப் போட்டிருக்காவ" என்று மெதுவாகச் சொன்னார். "நல்ல நூல சும்மாவா தருவாவ."

பெரிய ஆபத்து ஒன்றுமில்லை என்று நான்தான் தைரியம் சொன்னேன். அது உண்மையும்கூட. ஒவ்வொரு வயரையும் டெஸ்ட் லேம்ப் வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பார்த்துவிடலாம். நாள் பிடிக்கும், அவ்வளவுதான். எங்களிடம் இல்லாதது அந்த நாட்கள்தான். டிக்கெட் அடுத்த வாரத்தில் இருந்தது.

குனிந்தே கிடந்தேன். பார்த்து முடித்ததற்கெல்லாம் டேப் சுற்றிக்கொண்டே வந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் கொஞ்சம்தான் மிச்சம். அன்று மதியம் பற்றவைக்கிற ஈயம் தீர்ந்துபோனதால் தென்காசிக்குப் போனேன். அண்ணாச்சி வேறு வண்டி பார்க்கப் போயிருந்தார். நான் திரும்பி வந்தபோது சம்சு பாய் ஜும்மா முடித்து வந்து, தலையில் தொப்பியோடு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கையில் சாவி. மைனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அணைத்த தீக்குச்சி மாதிரி ஒரு வாடை.

"என்ன பாய்?"

"ஒண்ணுமில்லலே. மிச்சத்த சேத்துட்டு சாவியப் போட்டேன். டிக்குன்னு ஒரு சத்தம்."

குனிந்து பார்த்தேன். மிச்சமிருந்தவற்றில் இரண்டு ரோஸ் முடிச்சுகள். ஒன்று, சாவி லைனுக்காக மைனி கட்டிய ரோஸ். இன்னொன்று வெள்ளை. சிகப்புச் சாயம் ஏறி அதுவும் ரோஸாகிவிட்டது. இரண்டும் இடம் மாறி, பெட்டிக்குள் மெல்லிய கரண்டு மட்டுமே போக வேண்டிய சென்சார் வழியில் பேட்டரியின் முழுக் கரண்டும் ஏறியிருந்தது. மூளை போய்விட்டது.

"நான்தான் ரோஸ்னு எடுத்துக் குடுத்தேன்" என்றார் மைனி.

"ரோஸ்தான இருக்கு. நீ சரியாத்தான் குடுத்த" என்றார் பாய்.

"ரெண்டு இருந்துச்சு. ரெண்டு இருக்கேன்னு நெனச்சேன். சொல்லல."

அந்த வாரம் முழுக்க மைனி யாரைப் பார்த்தாலும், "நான்தான் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போதுகூடச் சொன்னார். அண்ணாச்சி ஒருதடவை பொறுக்கமாட்டாமல், "எம்மா, சாரல் பெஞ்சதுக்கு நீ என்ன செய்வே?" என்றார். மைனி அவரைப் பார்த்துவிட்டுக் குழம்பை ஊற்றினார்.

அந்தப் பெட்டி கடையில் சட்டென்று கிடைக்காது. அதற்குரிய சாவியோடு ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். இல்லையென்றால் பெட்டி, இது திருடின வண்டி என்று நினைத்துக்கொண்டு என்ஜினை ஸ்டார்ட் ஆக விடாது. எங்கெங்கோ போன் போட்டு, கடைசியில் டில்லியில் ஒருவன் அனுப்புவதாகச் சொன்னான். பார்சல் கிளம்பிய செய்தியும் சம்சு பாய் கிளம்பிய நாளும் அடுத்தடுத்து வந்தன.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் டாக்சியைக் கொட்டகைக்குத் திருப்பச் சொல்லியிருக்கிறார். காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பேன்ட், புதுச்சட்டை. அந்த உடுப்போடு வண்டியில் ஏறி உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். ஓடாத என்ஜினில் கியர் மாற்றினால் ஒரு வெறும் சத்தம் வரும். டாக்சிக்குள் மகளும் மைனியும் இருந்தார்கள். மைனி இறங்கவில்லை.

"தார்ப்பாய் போட்டு மூடுலே" என்றார் பாய். இரண்டடி போனவர் திரும்பி, "சாரலுக்கும் மூடு" என்றார்.

பெட்டி வந்தது. அவர் போய்ப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். நானும் அண்ணாச்சியும் ஒவ்வொரு வயரையும் மறுபடி பார்த்து மாட்டினோம். பெட்ரோல் டாங்க் இன்னும் பொருத்தவில்லை. ஒரு கேனில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, பம்ப்பை அதற்குள் போட்டோம். மைனியை வரச் சொன்னோம். போனில் வீடியோ போட்டுப் பாயைக் கூப்பிட்டு, அண்ணாச்சி போனை என்ஜின் பக்கம் பிடித்துக்கொண்டார். மைனியை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். அவர் சாவியைத் தொடத் தயங்கினார்.

"போடுங்க மைனி. இப்பம் எல்லாம் சரியா இருக்கு."

திருப்பினார். இரண்டு சுற்று இழுத்தது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. சைலன்சர் இல்லாத என்ஜின், அந்தத் தகரக் கொட்டகை முழுக்க அதிர்ந்தது. அண்ணாச்சி ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டார். போனில் பாயின் முகம் அசையாமல் இருந்தது. நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு பேசினார்.

"கேக்குது. நல்லாக் கேக்குது. போதும், ஆஃப் பண்ணச் சொல்லு. பெட்ரோல் வீணாப் போவும்."

அண்ணாச்சி மைனியைப் பார்த்தார். மைனிக்குக் கேட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனால் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. நான் சாவியை எட்டித் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. பாயும் மறுபடி சொல்லவில்லை. நாங்கள் மூன்று பேரும் இங்கே, அவர் அங்கே. கேனில் பெட்ரோல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் என்ஜின் இரண்டு விக்கல் விக்கி, தானாக நின்றது. மைனி இறங்கி, தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அதோடு நான் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். வேலை முடிந்த இடத்தில் எனக்குத் தங்கத் தெரியாது. மிச்சமெல்லாம் அண்ணாச்சி போனில் சொல்லித் தெரிந்ததுதான். அடுத்த லீவு தள்ளிப்போனது. கொட்டகைக்காரர் இடத்தைக் கேட்டார். கொல்லம் பக்கத்து ஹோட்டல்காரர் ஒருவர் வண்டியை வாங்கினார். அவருக்கு என்ஜின் தேவைப்படவில்லை. ஹோட்டல் வாசலில் அழகுக்கு நிறுத்தி வைக்கத்தானாம். அண்ணாச்சியே நின்று என்ஜினைக் கழற்றி இறக்கிக் கொடுத்திருக்கிறார். "என் கையாலயே எறக்குனேம்லே" என்று அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். அதற்கு இரண்டொரு வருஷம் கழித்துச் சம்சு பாய் சவுதியிலேயே, தூக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கேயே அடக்கம். மைனி இப்போது மகளோடு சென்னையில் இருக்கிறாராம். போன வருஷம் அண்ணாச்சியும் இல்லை. இனி இதையெல்லாம் நான் பேசிக்கொள்ள ஆளில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

குற்றாலத்திலிருந்து நடந்து வந்த அந்தச் சாயங்காலம் கொட்டகை இருந்த இடத்தைத் தேடினேன். அரிசி ஆலையையே காணோம். கல் ஊன்றி, மனை மனையாகப் பிரித்து, கலர்க் கொடி கட்டியிருந்தார்கள். வேப்பமரம் நின்ற இடம் எது என்று சொல்ல முடியவில்லை. ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிடிபடவில்லை. இருட்டுவதற்குள் தென்காசி வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை, பேட்டரி ஆட்டோ விற்கிற ஒரு கடையில் வயரிங் ஆளாகச் சேர்ந்தேன். அந்த வண்டிகளில் என்ஜின் கிடையாது, பெட்ரோல் கிடையாது. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் வருவதில்லை. வாங்க வருகிறவர்கள் திருப்பிவிட்டு, காதைச் சாய்த்துக்கொண்டு, "ஸ்டார்ட் ஆயிட்டா?" என்று கேட்கிறார்கள். ஆகிவிட்டது, கிளம்பலாம் என்று சொல்வதும் இப்போது என் வேலை.